ரீபூட்டை ராடன்பெரி பார்த்திருந்தால்?

நம்ம வயசுக்காரங்க நிறைய பேருக்கு ஸ்டார் ட்ரெக் என்றால் ஜே.ஜே. ஏப்ரம்ஸ் எடுத்து 2009-ல் வந்த படம்தான். கிறிஸ் பைன் கேப்டன் கிர்க், ஸக்கரி குயின்டோ ஸ்பாக். நானும் அந்த வாசல் வழியாத்தான் உள்ளே போனேன். பிறகு 1966-ல் ஆரம்பித்த பழைய தொடரின் 79 எபிசோடையும், அதற்குப் பின்னால் வந்தவற்றில் பெரும்பகுதியையும் ஸ்கூல் முடிக்கிறதுக்குள்ள பார்த்து முடிச்சாச்சு. பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. பழசைப் பார்த்த பிறகு புதுசைத் திரும்பப் போட்டால் இன்னும் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனா எங்கேயோ உறுத்துது. இந்த உறுத்தல் நியாயமானதா, இல்ல வெறும் பழம்பெருமையா என்று தெரிஞ்சுக்கணும்னு இதையெல்லாம் தொடங்கி வைத்த மனுஷனின் வாழ்க்கையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஜீன் ராடன்பெரி. ரீபூட் வருவதற்குப் பதினேழு வருஷத்துக்கும் முன்பே இறந்துவிட்டவர்.

1921 ஆகஸ்ட் 19 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரத்தில் பிறந்தார். அப்பாவுக்கு லாஸ் ஏஞ்சலஸில் போலீஸ் வேலை கிடைக்க, குடும்பம் அங்கே குடிபெயர்ந்தது. பையன் விஞ்ஞானக் கதைப் பத்திரிகைகளைப் படித்து வளர்ந்தான். அப்பா வழியிலேயே போலீஸ் படிப்பு படித்துக்கொண்டு, நடுவில் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டான். இரண்டாம் உலகப் போர் வந்தது. பசிபிக் பகுதியில் பி-17 குண்டுவீச்சு விமானத்தின் பைலட் ஆனார். 1943 ஆகஸ்ட் மாதம், இன்று வனுவாட்டு என்று சொல்லப்படும் நாட்டின் எஸ்பிரிட்டு சான்டோ தீவில் அவர் ஓட்டிய விமானம் டேக்-ஆஃப் ஆகாமல் ரன்வேயைத் தாண்டி ஓடி மரங்களில் மோதித் தீப்பிடித்தது. கூட இருந்தவர்களில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். விசாரணையில் அவர் மேல் தப்பு இல்லை என்று முடிவானது. அப்போ அவருக்கு வயசு 21. நம்ம வயசு.

போர் முடிந்ததும் பான் ஆம் விமானக் கம்பெனியில் சேர்ந்தார். 1947 ஜூன் மாதம் கராச்சியிலிருந்து இஸ்தான்புல்லுக்குக் கிளம்பிய விமானத்தில் ஏறினார். கராச்சி அப்போ பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தது, பாகிஸ்தான் பிறக்க இன்னும் இரண்டு மாதம் பாக்கி. நான்கு இன்ஜின் கொண்ட லாக்ஹீட் கான்ஸ்டலேஷன். அன்றைக்கு அவர் ஓட்டுகிற பொறுப்பில் இல்லை. நடுவானில் ஒரு இன்ஜின் நின்றது. மிச்சம் மூன்று இன்ஜினும் அந்தச் சுமையைத் தாங்க முடியாமல் சூடாகத் தொடங்கின. இன்னொரு இன்ஜின் தீப்பிடித்து, விமானத்திலிருந்து கழன்றே விழுந்துவிட்டது. நள்ளிரவு தாண்டிய நேரத்தில் சிரியாவின் பாலைவனத்தில் விமானம் தரையில் மோதியது. விமானத்தில் இருந்த 36 பேரில் 15 பேர் இறந்தார்கள். விலா எலும்பு முறிந்த நிலையிலேயே ராடன்பெரி எரிகிற விமானத்துக்குள் போய்ப் பயணிகளை வெளியே இழுத்துப் போட்டார். அடுத்த வருஷம் பைலட் வேலையை விட்டார்.

இந்த இரண்டு விபத்தையும் நான் இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்டார் ட்ரெக் பற்றிப் பேசுகிற பலரும் ராடன்பெரியை ஏதோ ரோஜாக் கனவு கண்ட ஆள் மாதிரி சொல்வார்கள். மனுஷங்க திருந்திவிடுவாங்க, சண்டை இருக்காது, பசி இருக்காது என்று நம்பிய அப்பாவி. ஆனா இவர் மனுஷங்க எரிந்து சாவதை இரண்டு தடவை பக்கத்தில் இருந்து பார்த்தவர். அதுக்கப்புறமும் அப்படி ஒரு எதிர்காலத்தை எழுதினார் என்றால் அதை அப்பாவித்தனம் என்று எனக்குத் தள்ளிவிட முடியவில்லை.

1949-ல் அப்பா மாதிரியே லாஸ் ஏஞ்சலஸ் போலீஸில் சேர்ந்தார். அங்கே கமிஷனர் அந்தஸ்தில் இருந்த வில்லியம் பார்க்கருக்கு மேடைப் பேச்சு எழுதிக் கொடுக்கும் வேலையும் வந்து சேர்ந்தது. டிவி அப்போதுதான் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலம். போலீஸ் கதைகளை ராபர்ட் வெஸ்லி என்ற புனைபெயரில் எழுதி விற்க ஆரம்பித்தார். 1956-ல் போலீஸ் வேலையை விட்டு முழுநேர எழுத்தாளர் ஆனார். கவ்பாய் தொடர்களுக்கு நிறைய எழுதினார். 1963-ல் தி லெஃப்டினன்ட் என்று சொந்தமாக ஒரு ராணுவத் தொடரை உருவாக்கினார். அதில் ஒரு எபிசோட் கறுப்பின வீரனுக்கும் வெள்ளைக்கார வீரனுக்கும் நடுவில் இருக்கும் இனவெறியைப் பற்றியது. என்பிசி சேனல் அதை ஒளிபரப்ப மறுத்துவிட்டது. தொடரும் ஒரே சீசனில் நின்றது. அந்த எபிசோடில் நடித்த பெண்தான் நிஷெல் நிக்கல்ஸ், பின்னால் எண்டர்பிரைஸ் கப்பலின் லெஃப்டினன்ட் உஹுரா.

இதுக்கப்புறம் அவர் போட்ட கணக்கு ரொம்ப எளிமையானது. பூமியில் நடப்பதாகச் சொன்னால் தடுப்பார்கள், வேற்றுக் கிரகத்தில் பச்சைத்தோல் ஆட்களுக்கு நடுவில் நடப்பதாகச் சொன்னால் விட்டுவிடுவார்கள்.

1964 கடைசியில் லூசில் பாலின் டெசிலு ஸ்டூடியோவில் முதல் பைலட் எபிசோட் எடுத்தார்கள். பெயர் தி கேஜ். அதில் கிர்க் கிடையாது. கேப்டன் பைக் என்று ஒருத்தர். துணைக் கேப்டன் ஒரு பெண், மேஜல் பேரட் நடித்தது. கூர்மையான காதோடு ஸ்பாக் மட்டும் இருந்தார், அவரும் நாம பழகிய ஸ்பாக் இல்லை, இளிப்பார், கத்துவார். சேனல் இதைத் திருப்பி அனுப்பியது. மூளைக்கு ரொம்ப வேலை கொடுக்குது, வேகம் போதாது என்பது அவர்கள் புகார். ஆனா அதிசயமாக இன்னொரு பைலட் எடுக்கக் காசு கொடுத்தார்கள். ராடன்பெரி ஸ்பாக்கைத் தவிர மற்ற முக்கியப் பாத்திரங்கள் எல்லாரையும் தூக்கிவிட்டு வில்லியம் ஷாட்னரைக் கேப்டன் ஆக்கி, கைகலப்பும் வேகமும் சேர்த்துத் திரும்ப எடுத்தார். அது ஓகே ஆனது. 1966 செப்டம்பர் 8 அன்று தொடர் ஆரம்பித்தது.

கவனிச்சீங்களா? நாம ஒரிஜினல் என்று கொண்டாடுகிற தொடரே ஒரு ரீபூட்தான். வேகம் போதாது என்று சொன்னதால் நடிகர்களை மாற்றி, ஆக்‌ஷன் கூட்டி எடுத்த ரீபூட்.

அந்தப் பெண் துணைக் கேப்டனைப் பற்றி ராடன்பெரி பிற்காலத்தில் மேடைகளில் ஒரு கதை சொல்வார். பெண்ணுக்கு அவ்வளவு பெரிய பதவியா என்று சேனல்காரர்கள் பயந்து எடுக்கச் சொன்னார்கள் என்பது அந்தக் கதை. கூட வேலை செய்தவர்கள் எழுதியது வேறு: சேனலுக்குப் பெண் பாத்திரம் பிரச்சினை இல்லை, தயாரிப்பாளர் தன் காதலியைக் கொண்டுவந்து நிறுத்தியதுதான் பிரச்சினை. அப்போ அவர் கல்யாணம் ஆனவர். மேஜலை 1969-ல்தான் மணந்தார். ராடன்பெரி சொல்கிற கதைகளில் ராடன்பெரி எப்போதும் கொஞ்சம் உயரமாகத்தான் நிற்பார். இதை ரசிகர்கள் நாம ஒத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றும் ஒத்துக்கணும். அந்தத் தொடரில் நமக்குப் பிடித்த பாதி விஷயம் அவர் கொண்டுவந்ததே இல்லை. கிளிங்கன்களைக் கொண்டுவந்தது ஜீன் கூன் என்ற தயாரிப்பாளர். ஸ்பாக்கின் அம்மா அப்பாவை எழுதியது டி.சி. ஃபான்டானா, ராடன்பெரியின் செக்ரட்டரியாக இருந்து கதாசிரியர் ஆனவர். தி டெவில் இன் தி டார்க் என்ற எபிசோடைக் கூன்தான் எழுதினார். ஒரு சுரங்கத்தில் பாறை மாதிரி இருக்கும் மிருகம் தொழிலாளிகளைக் கொன்றுகொண்டே இருக்கிறது. எண்டர்பிரைஸ் ஆட்கள் துப்பாக்கியோடு போகிறார்கள். கடைசியில் தெரிகிறது, அது ஒரு தாய், தொழிலாளிகள் உடைத்துப் போட்டதெல்லாம் அதன் முட்டைகள். கொல்ல வந்தவர்கள் அதுக்கு மருந்து போட்டு, சமாதானம் பேசிவிட்டுக் கிளம்புகிறார்கள். அந்த மிருகம் பார்க்க யாரோ கார்ப்பெட்டுக்குள்ளே தவழ்ந்து போற மாதிரி இருக்கும். எனக்கு ஸ்டார் ட்ரெக் என்றால் இதுதான்.

இசை விஷயம் இன்னும் மோசம். அலெக்சாண்டர் கரேஜ் போட்ட தீம் மியூசிக்குக்கு ராடன்பெரி தானே வரிகள் எழுதினார். அதை யாரும் தொடரில் பாடவே இல்லை, பாட வைக்கும் எண்ணமும் இல்லை. வரி எழுதியவர் என்ற கணக்கில் ராயல்டியில் பாதி அவருக்கு வரும், அவ்ளோதான். கரேஜ் வெறுத்துப் போனார்.

தொடருக்குக் கூட்டம் குறைவு. இரண்டாவது சீசனோடு நிறுத்தப் பார்த்தபோது ரசிகர்கள் கடிதம் மேல் கடிதம் போட்டுக் காப்பாற்றினார்கள். மூன்றாவது சீசனை வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளினார்கள், இளவட்டங்கள் வீட்டிலேயே இருக்காத நேரம். ராடன்பெரி கோபித்துக்கொண்டு தினசரிப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். பட்ஜெட்டையும் வெட்டினார்கள். 1969-ல் கதை முடிந்தது.

எழுபதுகள் அவருக்குக் கஷ்டகாலம். புதுசாக எடுத்த பைலட் ஒன்றும் தொடர் ஆகவில்லை. காலேஜ் காலேஜாகப் போய்ப் பேசி அதில் வந்த பணத்தில் காலம் தள்ளினார். ஆனா அதே சமயத்தில் உள்ளூர் சேனல்கள் அந்த 79 எபிசோடையும் மறுஒளிபரப்பு செய்து, ஓடியபோது இல்லாத கூட்டம் நின்ற பிறகு சேர்ந்தது. 1972-ல் நியூயார்க்கில் ரசிகர் மாநாடு. 1976-ல் ரசிகர்கள் எழுதித் தள்ளிய கடிதங்களால் நாசாவின் முதல் ஷட்டிலுக்கே எண்டர்பிரைஸ் என்று பெயர். மாநாட்டு மேடைகளில் அவர் ஒரு ஞானி மாதிரி ஆனார். அவரும் அதை நம்ப ஆரம்பித்தார் என்று தோன்றுகிறது.

1979-ல் பெரிய திரைக்கு வந்தது. புதிய உடைகள், புதிய கப்பல், கிளிங்கன்களுக்கு நெற்றியில் புதிதாக எலும்பு மேடு, ஏன் மாறியது என்று ஒரு விளக்கமும் இல்லை. கதாநாயகிகளில் ஒருத்தர் நம்ம ஊர் பெர்சிஸ் கம்பாட்டா, 1965-ன் மிஸ் இந்தியா. அந்தப் பாத்திரத்துக்காகத் தலையை மொட்டை அடித்துக்கொண்டார். படம் மெதுவாகப் போகும், கப்பலைச் சுற்றிக் காட்டுகிற காட்சியில் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வரலாம். செலவு சுமார் 44 மில்லியன் டாலர். லாபம் வந்தும் பாரமவுண்ட் ஸ்டூடியோ செலவுக்கு ராடன்பெரியைக் குற்றம் சொன்னது.

அடுத்த படத்தில் அவரை ஆலோசகர் என்று ஓரம் கட்டினார்கள். சம்பளம் உண்டு, கருத்து சொல்லலாம், யாரும் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. டிவியிலிருந்து வந்த ஹார்வ் பென்னட் தயாரிப்பு, நிக்கலஸ் மேயர் இயக்கம். இரண்டு பேருக்கும் முன்னால் ஸ்டார் ட்ரெக்கோடு பெரிய சம்பந்தம் இல்லை. முதல் படத்தின் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. 1982-ல் வந்த தி ராத் ஆஃப் கான். ராடன்பெரி மெமோ மேல் மெமோ அனுப்பினார். இது போர்ப்படை மாதிரி இருக்கு, என் ஆட்கள் சிப்பாய்கள் இல்ல, ஸ்பாக்கைச் சாகடிக்கக் கூடாது என்று. ஸ்பாக் சாகப்போகிறார் என்ற ரகசியம் ரசிகர்களுக்குக் கசிந்தபோது சந்தேகம் அவர் பக்கம்தான் திரும்பியது. அவர் கையில் வைத்திருந்த மாற்றுக் கதை என்ன தெரியுமா? எண்டர்பிரைஸ் குழு காலத்தில் பின்னோக்கிப் போய்க் கென்னடி படுகொலை சமயத்தில் மாட்டிக்கொள்வது. அதையே திரும்பத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

கான் படம்தான் இன்றைக்கும் பெரும்பாலான ரசிகர்கள் முதலிடம் கொடுக்கும் படம். என் லிஸ்ட்டிலும் அதுதான். அதாவது உருவாக்கியவரை வெளியே நிறுத்திவிட்டு, அவர் வேண்டாம் என்றதையெல்லாம் செய்து, அதிலிருந்துதான் இந்தக் கப்பல் பிழைத்தது. இதைச் சொல்லிக்கொண்டே 2009 படத்தை மட்டும் துரோகம் என்று நான் திட்டினால் அது நியாயமா?

1987-ல் அவருக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. தி நெக்ஸ்ட் ஜெனரேஷன். கதை அடுத்த நூற்றாண்டுக்குப் போனது, புது ஆட்கள், புது கேப்டன். மொட்டைத் தலையோடு பேட்ரிக் ஸ்டூவர்ட் வேண்டாம் என்று முதலில் அடம்பிடித்தவர் இவரே. எழுத்தாளர்களுக்கு ஒரு சட்டம் போட்டார்: அந்தக் காலத்து மனுஷங்க முன்னேறியவர்கள், குழுவுக்குள் சண்டை சச்சரவு கூடாது. சண்டை இல்லாமல் நாடகம் எழுதுவது எப்படி என்று எழுத்தாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். பழைய நண்பர்களான ஃபான்டானாவும் டேவிட் ஜெரால்டும் மனம் கசந்து வெளியேறினார்கள். ராடன்பெரியின் வக்கீல் ஸ்கிரிப்ட்டில் எல்லாம் கைவைக்க ஆரம்பித்தார். உடம்பும் ஒத்துழைக்கவில்லை, குடியும் இருந்தது. மூன்றாவது சீசனில் மைக்கேல் பில்லர் எழுத்துப் பொறுப்பை ஏற்ற பிறகுதான் தொடர் நிமிர்ந்தது. மறுபடியும் அதே கதை, அவர் கை தளர்ந்த பிறகுதான் நன்றாக வந்தது.

1991 அக்டோபரில், பழைய குழுவின் கடைசிப் படமான ஆறாவது படத்தை அவருக்குப் போட்டுக் காட்டினார்கள். அதிலும் எண்டர்பிரைஸ் குழுவுக்குக் கிளிங்கன்கள் மேல் வெறுப்பு இருப்பதைக் கண்டு, இவர்கள் என் ஆட்கள் இல்லை என்ற கோபத்தோடு காட்சிகளை வெட்டச் சொல்லி வக்கீல் மூலம் கேட்டதாகச் சொல்கிறார்கள். சில நாளில், அக்டோபர் 24 அன்று, இதயம் நின்று இறந்தார். வயசு 70. சக்கர நாற்காலியில் வந்து பார்த்த கடைசிப் படத்தைப் பற்றியும் புகார்! பிடிவாதத்தைப் பாருங்க. அடுத்த வருஷம் அஸ்தியில் ஒரு பங்கு கொலம்பியா ஷட்டிலில் விண்வெளி போய்த் திரும்பியது. 1997-ல் இன்னொரு பங்கு ராக்கெட்டில் போய்ச் சில வருஷம் பூமியைச் சுற்றிவிட்டு காற்றுமண்டலத்தில் எரிந்தது.

இனி 2009 படத்துக்கு வருவோம். அது பழைய கதையை அழிக்கவில்லை. எதிர்காலத்திலிருந்து நீரோ என்ற வில்லன் பின்னோக்கி வர, அங்கிருந்து வரலாறு வேறு தடத்தில் பிரிகிறது. பழைய தடம் அதன் வழியில் பத்திரமாக இருக்கும். அதற்குச் சாட்சியாக லெனார்ட் நிமோயே வயதான ஸ்பாக்காக வருகிறார். புத்திசாலித்தனமான மரியாதை. ஆரம்பத்தில் கிர்க்கின் அப்பா கெல்வின் கப்பலைக் கொண்டுபோய் மோதுகிற காட்சி, எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். கார்ல் அர்பன் டாக்டர் மெக்காய் ஆகவே மாறியிருப்பார். கப்பலின் கம்ப்யூட்டர் குரல் மேஜல் பேரட். படம் வெளிவர ஐந்து மாதம் முன்பு அவரும் இறந்துபோனார். கடைசியில் படத்தை இருவர் நினைவுக்கும் சமர்ப்பித்திருப்பார்கள்.

இன்ஜின் ரூம்தான் சிரிப்பு. லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் பட்வைசர் பீர் ஆலைக்குள் போய் எடுத்திருக்கிறார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டாங்க், வால்வு, பைப். ஒளியை மிஞ்சிப் போகும் கப்பலுக்கு ஃப்ளாஞ்ச் போட்ட பைப்பா என்று எங்க ஹாஸ்டலில் கெமிக்கல் டிபார்ட்மெண்ட் நண்பன் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

உறுத்துகிற இடம் வேறு. வல்கன் கிரகம், அறுநூறு கோடி உயிர், பாதிப் படத்தில் காலி. ஃபான்டானா எழுதிய அந்த அம்மாவும் சேர்ந்து சாகிறார். அந்த இழவை உட்கார்ந்து யோசிக்க யாருக்கும் நேரம் இல்லை, அடுத்த ஆக்‌ஷன் காத்திருக்கிறது. கிளைமாக்ஸில் நீரோவின் கப்பல் கருந்துளைக்குள் மூழ்கும்போது கிர்க் உதவி செய்யட்டுமா என்று கேட்கிறான். எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது, இதோ அந்தச் சுரங்கத்து எபிசோடின் ஆள் வந்துவிட்டான் என்று. ஸ்பாக்கே எதுக்கு என்று முணுமுணுக்கிறான். நீரோ மறுக்கிறான். உடனே கிர்க் இருக்கிற ஆயுதம் எல்லாத்தையும் அவன் மேல் கொட்டுகிறான், தியேட்டர் கைதட்டும். கேள்வியைக் கேட்டது ஒப்புக்கு. அது என் பழைய கிர்க் இல்லை.

ராடன்பெரிக்கு இது பிடித்திருக்காது என்று நான் நினைக்கிறேன். மெமோ பறந்திருக்கும். அதேசமயம், தனக்குப் பிறகு இளைஞர்கள் வந்து தன்னால் முடியாத உயரத்துக்கு இதைக் கொண்டுபோகணும், அதில் தனக்குப் பொறாமை இல்லை என்றும் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். இரண்டுமே அவர்தான். எப்படிப் படம் எடுப்பது என்பதில் அவர் பேச்சைக் கேட்காதவர்கள்தான் ஜெயித்தார்கள். ஆனா என் ஆட்கள் கொல்வதற்கு முன் யோசிப்பார்கள் என்று அவர் பிடித்த அந்த ஒரு அடத்தைக் கேட்காத இடத்தில்தான் எனக்கு ஒவ்வொரு தடவையும் வலிக்கிறது.

கானைப் பற்றி ஒரு விஷயம் பாக்கி. கான் நூனியன் சிங் என்பது முழுப் பெயர். 1967 எபிசோடில் அவன் வட இந்தியாவைச் சேர்ந்த சீக்கியனாக இருக்கலாம் என்று சொல்வார்கள். நடித்தவர் மெக்சிகோக்காரரான ரிக்கார்டோ மான்டல்பன். நூனியன் என்பது போர்க்காலத்தில் தன்னோடு பழகிய ஒருவரின் பெயர், பார்த்துவிட்டாவது தேடி வரமாட்டாரா என்று வைத்தேன் என்பார் ராடன்பெரி. வரவில்லை. இருபது வருஷம் கழித்து நெக்ஸ்ட் ஜெனரேஷனில் டேட்டாவை உருவாக்கும் விஞ்ஞானிக்கும் நூனியன் என்றே மறுபடி பெயர் வைத்தார்கள். 2013-ல் ரீபூட்டின் இரண்டாம் பாகத்தில் அதே கான் திரும்ப வந்தபோது நடித்தவர் பெனடிக்ட் கம்பர்பாட்ச், வெள்ளைக்கார இங்கிலீஷ்காரர். 1967-லேயே டிவியில் செய்யத் துணிந்ததை 2013-ல் அத்தனை கோடி போட்டும் செய்யவில்லை.

பார்க்கணும் என்று தோன்றினால் முதலில் ஸ்பேஸ் சீட் எபிசோட், ஒரு மணி நேரம்கூட ஆகாது. அடுத்து 1982 படம். அதுக்கப்புறம் 2013 படம், அதையும் விடாதீங்க, நானே மூணு தடவை பார்த்தாச்சு.